சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறீர்களா? வண்டி முதல் பெர்மிட் வரை, வரிசைப்படி

தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது சிம்ப்சன் பாலைவனம். இதில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பங்கான முங்கா-திர்ரி சிம்ப்சன் பாலைவனத் தேசியப் பூங்கா மட்டுமே 36 லட்சம் ஹெக்டேர். 2021-ல் பழைய இரண்டு காப்புப் பகுதிகளை ஒன்றாக்கி அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான். உள்ளே தார் ரோடு, கடை, பெட்ரோல் பங்க், குடிதண்ணீர், செல்போன் சிக்னல் எதுவும் கிடையாது. வடக்குத் தெற்காக வரிவரியாக ஓடும் மணல்மேடுகள் உண்டு, சுமார் 1,100. மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர் அத்தனையையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும்.

மணலில் ஓட்டுவதைச் சொல்லித் தர ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. எங்களைப் படுத்தியது அதற்கு முந்தைய வேலைகள். இரண்டு மாநிலங்களின் பூங்காத் துறை, இரண்டு மாநிலங்களின் சாலைத் துறை, வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் எனத் தகவல் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கிறது. எதை முதலில் முடிக்க வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. அந்த வரிசையைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் வண்டி, லீவு அப்புறம்

பெரும்பாலானவர்கள் லீவு போட்டு, விமான டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசியில் வண்டி தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை.

தேவைப்படுவது லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர்) உள்ள, தரையிலிருந்து நல்ல உயரம் கொண்ட ஃபோர் வீல் டிரைவ். லேண்ட் குரூசர், பிராடோ, பேட்ரோல், ஹைலக்ஸ் மாதிரி. நகரத்தில் ஓடும் 'ஆல் வீல் டிரைவ்' எஸ்.யூ.வி. போதாது. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே லோ ரேஞ்சுக்கு மாற்றும் லீவரோ குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்குத்தான் பெரிய பொறி. சாதாரண வாடகைக் கார் ஒப்பந்தம் மண் ரோட்டிலேயே போக விடாது. ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு விடும் நிறுவனங்களிலும் பல, சிம்ப்சன் என்று பெயர் குறிப்பிட்டே விலக்கி வைத்திருக்கும். சில, எழுத்து மூலம் முன்அனுமதி கேட்கும். நாங்கள் பேசிய ஒரு நிறுவனத்தில் போனை எடுத்தவர் "தாராளமாகப் போகலாம்" என்றார். ஒப்பந்தத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் போகக்கூடாது என்று இருந்தது. போனில் சொன்னதை நம்ப வேண்டாம். மின்னஞ்சலில் அனுமதி வாங்கி, அதை அச்செடுத்துக் கையில் வையுங்கள். அனுமதியில்லாமல் உள்ளே போனால் இன்ஷூரன்ஸ் செல்லாது. பாலைவனத்தின் நடுவிலிருந்து ஒரு வண்டியை இழுத்து வர ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அது முழுக்க உங்கள் தலையில் விழும்.

சொந்த வண்டிக்காரர்களும் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். விபத்துச் சேதத்துக்குக் காப்பு இருக்கும், மணலில் மாட்டிய வண்டியை மீட்பதற்கு இருக்காது. நகரத்தில் வந்து பேட்டரி மாற்றித் தரும் உதவிச் சேவை இங்கே வராது.

ஓட்டுநர் உரிமம்: இந்திய உரிமத்திலும் இலங்கை உரிமத்திலும் ஆங்கிலம் இருப்பதால் சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை. நிரந்தர வசிப்புரிமை விசாவில் வந்து இறங்கியவர்களுக்கு உள்ளூர் உரிமத்துக்கு மாறக் காலக்கெடு உண்டு. அதைத் தாண்டி ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டிய கணக்கு. உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி வண்டியாகப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு. கூட வர ஆள் இல்லையென்றால் வழிகாட்டியின் பின்னால் உங்கள் வண்டியை நீங்களே ஓட்டிப் போகும் 'டேக் அலாங்' பயணங்கள் உண்டு. பணம் அதிகம்தான். முதல் தடவை போகிறவருக்கு அது வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

2. தேதி

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்கா மூடியிருக்கும், இரண்டு மாநிலத்திலும். கோடை வெயிலில் வண்டி நின்றால் ஆள் பிழைப்பது அரிது என்பதுதான் காரணம். மூன்று எல்லைகளும் தொட்டுக்கொள்ளும் பாப்பல் கார்னரில் மூன்று நேர மண்டலங்கள் சந்திப்பதால் அங்கே நின்று மூன்று முறை புத்தாண்டு கொண்டாடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். டிசம்பர் 31 அன்று பூங்காவே பூட்டு.

மார்ச் 16 அன்றே திறக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். மழையோ வெள்ளமோ இருந்தால் தள்ளிப் போகும். மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்ஜியத்தைத் தொடும் குளிர். சென்னையிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதானால், பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு கிளம்பாதீர்கள்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூலையில் பள்ளி விடுமுறை. பாலைவனத்தின் கிழக்கு ஓரத்துக் குயின்ஸ்லாந்து ஊரான பேர்ட்ஸ்வில் பக்கம் நடக்கும் பிக் ரெட் பாஷ் இசை விழாவும் வழக்கமாக அந்த மாதம்தான். செப்டம்பர் முதல் வாரத்தில் பேர்ட்ஸ்வில் குதிரைப் பந்தயம். நூறு பேர் அளவே வசிக்கும் ஊரில் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்குவார்கள். அறை, டீசல், மெக்கானிக் எல்லாவற்றுக்கும் வரிசை நிற்கும். மே கடைசியோ ஆகஸ்ட் நடுவிலோ போங்கள்.

3. பாஸும் பெர்மிட்டும்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடப்பது ஒரே பாலைவனத்தை, ஆனால் அனுமதி இரண்டு.

தெற்கு ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு 'டெசர்ட் பார்க்ஸ் பாஸ்'. ஒரு வண்டிக்கு ஒன்று, 12 மாதம் செல்லும். நுழைவும் முகாமும் இதிலேயே அடக்கம். டல்ஹவுசி ஊற்று இருக்கும் விட்ஜிரா தேசியப் பூங்காவுக்கும் சேர்த்து. அந்த மாநிலத்தின் மற்ற பூங்காக்களுக்கு வாங்கிய பொதுவான பாஸ் கையில் இருந்தால் அது இங்கே உதவாது. பாஸை ஆன்லைனில் வாங்கலாம். ஊட்நடாட்டாவின் பிங்க் ரோட்ஹவுஸ், மவுண்ட் டேர் ஹோட்டல் போன்ற வழியோர இடங்களிலும் விற்பது வழக்கம், ஆனால் கடைசி நேரம் வரை தள்ளாதீர்கள்.

எல்லையைத் தாண்டி குயின்ஸ்லாந்துக்குள் நுழைந்ததும் அந்த பாஸுக்கு மதிப்பில்லை. அந்தப் பக்கத்துப் பூங்காவில் இரவு தங்க அந்த மாநிலத்தின் முகாம் பெர்மிட் தனியாக எடுக்க வேண்டும். ஆளுக்கு ஓர் இரவுக்குப் பத்து டாலருக்குள்தான் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. சின்னத் தொகை என்பதாலேயே மறந்துவிடுகிறார்கள். பாப்பல் கார்னருக்குக் கிழக்கே சிக்னல் இருக்காது, அங்கே போய் ஆன்லைனில் எடுக்க முடியாது. வீட்டிலேயே எடுத்து அச்செடுங்கள்.

இரண்டு மாநிலமும் கட்டணத்தை அவ்வப்போது மாற்றும். போன வருடம் போன நண்பர் சொன்ன தொகையை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். வடக்கே ஹே ரிவர் தடம் மாதிரி வடக்குப் பிரதேசத்துக்குள் போகும் வழிகள் பழங்குடியினர் நிலம் வழியாகச் செல்பவை, அவற்றுக்கு வேறு அனுமதி. முதல் பயணத்தில் அந்தப் பக்கம் வேண்டாம். நாய்க்குப் பூங்காவுக்குள் அனுமதி இல்லை.

4. எந்தத் திசை, எந்தத் தடம்

மேற்கிலிருந்து கிழக்கு. மணல்மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. மேற்கிலிருந்து வந்தால் சாய்வான பக்கம் ஏறி, செங்குத்தான பக்கம் இறங்குவீர்கள். அதோடு மேற்கே மேடுகள் சின்னவை. கிழக்கே போகப் போகத்தான் உயரம் கூடும். சுமார் 40 மீட்டர் உயர 'பிக் ரெட்' கடைசியில் பேர்ட்ஸ்வில்லுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னால் வரும். அதற்குள் கை பழகியிருக்கும்.

அடிலெய்டிலிருந்து கூபர் பீடி சுமார் 850 கிலோமீட்டர், தார் ரோடு. அங்கிருந்து ஊட்நடாட்டா 195, மண் ரோடு. பிறகு டல்ஹவுசியும் மவுண்ட் டேரும். இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். மவுண்ட் டேரில்தான் கடைசி டீசல். டல்ஹவுசியில் 34 முதல் 38 டிகிரி வரை வெதுவெதுப்பான ஊற்றுக் குளம். அங்கே ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள், அடுத்த குளியல் பேர்ட்ஸ்வில்லில்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தடங்கள் பல. ஃபிரெஞ்ச் லைன் நேராகப் போவது, தூரம் குறைவு, ஆனால் எல்லோரும் அதிலேயே போவதால் குண்டும் குழியுமாக வண்டியை உலுக்கி எடுக்கும். ரிக் ரோடு தெற்கே சுற்றிப் போவது, மேடுகள் மென்மை, தூரமும் டீசலும் அதிகம். அவசரமில்லாதவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் ரிக் ரோடு. பாப்பல் கார்னருக்குப் பிறகு கியூ.ஏ.ஏ. லைன் பேர்ட்ஸ்வில்லுக்குக் கொண்டுபோகும்.

நடுவே எயர் க்ரீக் என்ற ஓடை. வடக்கே பெய்த மழை வாரங்கள் கழித்து இங்கே வந்து சேரும். தலைக்கு மேலே நீல வானம், காலடியில் வெள்ளம். அப்போது பல பத்து கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் டீசல் கணக்கு.

நாள் கணக்கு: மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில்லுக்கு நான்கைந்து நாள் வையுங்கள். சராசரி வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் வரும். மெல்போர்ன் அல்லது அடிலெய்டிலிருந்து போய்த் திரும்ப இரண்டு வார லீவு வேண்டும். கடைசி இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டு வையுங்கள்.

5. டீசல், தண்ணீர், சாப்பாடு

ஃபிரெஞ்ச் லைன் வழி சுமார் 500 கிலோமீட்டர். சுற்றுவழியையும் சேர்த்து 600-க்குக் கணக்குப் போடுங்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி மணலில் 20 குடிக்கும். 600-க்கு 120 லிட்டர், அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு என்றால் 145 லிட்டர் அளவு. பெட்ரோல் வண்டிக்கு இன்னும் கூடும். டேங்க் கொள்ளளவு போக மீதியை ஜெர்ரி கேனில் எடுங்கள். அது ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் இருக்கக்கூடாது. மவுண்ட் டேரிலும் பேர்ட்ஸ்வில்லிலும் விலை நகரத்தைவிட நன்றாகவே அதிகம், பேரம் பேச வேறு கடை இல்லை.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 10 லிட்டர், அதோடு சில நாள் உபரி. ஒரே பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வெடிப்பு விட்டால் எல்லாம் போச்சு. 10, 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து வையுங்கள்.

நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் பக்கமிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பழ ஈக் கட்டுப்பாடு உண்டு. யாம்பா போன்ற சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பழங்கள் மட்டுமல்ல, தக்காளியும் பச்சை மிளகாயும் இதில் அடக்கம். கிலோ கணக்கில் வாங்கி வந்து குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவதும், ஒளித்து வைத்து அபராதம் கட்டுவதும் தேவையா? தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வந்த பிறகு வாங்குங்கள்.

புளியோதரை இரண்டு நாள் தாங்கும். அதன் பிறகு சப்பாத்தி, பருப்புப் பொடி, ஊறுகாய், டின் கொண்டைக்கடலை. கண்ணாடிப் பாட்டிலில் எதையும் எடுக்காதீர்கள். ஊட்நடாட்டா ரோட்டின் வரிப்பள்ளங்களில் வண்டி நடுங்கும் நடுக்கத்தில் ஊறுகாய்ப் பாட்டில் உடைந்தால், அந்த எண்ணெய் வாசனையோடுதான் வீடு வரை பயணம்.

6. கொடி, ரேடியோ, சாட்டிலைட்

மணல்மேட்டின் உச்சியில் எதிரே வருகிற வண்டி தெரியாது. அதனால் முன்பக்கம் உயரமான கொடி கட்டுவது கட்டாயம்: தரையிலிருந்து 3.5 மீட்டராவது உயரம், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு-சிவப்போ மஞ்சள்-பச்சையோ நிறம். கம்பும் கொடியும் சேர்த்து நூறு டாலருக்குள் முடியும். மேற்கூரையின் பின்பக்கம் கட்டினால் பயன் குறைவு.

யு.எச்.எஃப். ரேடியோ வேண்டும். பாலைவனத்தில் சேனல் 10. நீண்ட மேடுகளுக்கு முன்னால் "இரண்டு வண்டி, கிழக்கு நோக்கி, ஃபிரெஞ்ச் லைன்" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனி ரேடியோ.

வெளியுலகத் தொடர்புக்கு இரண்டு வேண்டும். ஒன்று, பேசக்கூடிய சாட்டிலைட் போன். நாள் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டாவது, பி.எல்.பி. எனும் அபாய ஒலிபரப்பி. 300, 400 டாலர் அளவில் வாங்கலாம். வாங்கியதும் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம். புதிய செல்போன்களில் சாட்டிலைட் அவசர வசதி இருக்கிறது, சரி. அதை மூன்றாவதாக வையுங்கள், முதலாவதாக வேண்டாம். பி.எல்.பி. உயிருக்கு ஆபத்தானால் அழுத்துவதற்கு. டயர் பஞ்சருக்கு அல்ல.

போகும் பாதை, தங்கும் இடங்கள், கடைசி எந்தத் தேதிக்குள் அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். பயந்தவராக இருந்தால் இரண்டு பேரிடம்.

மருந்துகளை இரட்டிப்பாக எடுங்கள், இரண்டு வண்டியிலும் பிரித்து. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்துச் சீட்டின் நகலும் வைத்திருங்கள். பறக்கும் மருத்துவர் சேவை வந்துவிடும் என்று நினைக்கலாம். விமானம் இறங்க இடம் வேண்டும், அந்த இடம் வரை யாராவது உங்களைக் கொண்டுபோக வேண்டும்.

7. கிளம்புவதற்கு முந்தைய நாள்

தெற்கு ஆஸ்திரேலிய அரசின் தொலைதூரப் பாலைவனச் சாலை நிலவரமும், குயின்ஸ்லாந்தின் கியூ.எல்.டி. டிராஃபிக் பக்கமும் பாருங்கள். இரண்டு பூங்காத் துறைகளின் எச்சரிக்கைகளையும் தனியாகப் பாருங்கள். ரோடு திறந்திருந்தாலும் பூங்கா மூடியிருக்கலாம். மூடிய மண் ரோட்டில் ஓட்டினால் அபராதம் உண்டு, 'கொஞ்சம் ஈரம்தானே' என்ற வாதம் எடுபடாது. கடைசித் தகவலை மவுண்ட் டேரில் கேளுங்கள். அன்று காலை உள்ளேயிருந்து வந்த ஓட்டுநரைவிட நல்ல இணையதளம் இல்லை.

8. மணலில்

முதல் மேட்டுக்கு முன்பே டயர் காற்றைக் குறையுங்கள். 16, 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். ஏற முடியவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் எஞ்சின் அல்ல, டயரில் அதிகக் காற்று. காற்றைக் குறைக்காமல் வேகத்தால் ஏறப் பார்ப்பவர்கள்தான் தடத்தைப் படிக்கட்டாக்கிப் பின்னால் வருகிறவர் முதுகை ஒடிக்கிறார்கள். கம்ப்ரசர் கட்டாயம். தடித்த பக்கச்சுவர் கொண்ட டயர்கள், முடிந்தால் இரண்டு ஸ்பேர்.

பாதியில் நின்றுவிட்டால் பிரேக் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் திருப்ப முயன்றால் வண்டி பக்கவாட்டில் உருளும். மாட்டிய சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல் பலகை ஒரு ஜோடி, நீளப்பிடி மண்வெட்டி, இழுவை வார் இரண்டு வண்டியிலும் இருக்கட்டும். வாரை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) மாட்டவே மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளைக் கொல்லும். டிரெய்லரை விட்டு வாருங்கள்.

உப்பு ஏரிகளின் மேலே வெள்ளையாக இறுகியிருப்பது மேல்தோல், அடியில் சேறு. போட்டோவுக்காகத் தடத்தை விட்டு இறங்கினால் அன்றைய நாள் முடிந்தது.

பலர் எச்சரிக்காத ஆபத்து ஒன்று: ஸ்பினிஃபெக்ஸ் புல். தடத்தின் நடுவே வளர்ந்திருக்கும் இந்தப் புல்லும் விதையும் வண்டிக்கு அடியில் சைலன்சர் குழாயைச் சுற்றிச் சேரும். சூடேறித் தீப்பிடித்து வண்டி முழுக்க எரிந்த கதைகள் பாலைவனத்தில் சகஜம். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் குனிந்து பாருங்கள், கம்பிக் கொக்கியால் இழுத்துப் போடுங்கள். புதிய டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது சூடு இன்னும் அதிகம்; அந்த நேரத்தில் புல் மேல் நிறுத்தாதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் வலை கட்டுங்கள். தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிகளுக்கு அடியில் வேண்டாம்.

9. இரவு

ஜூன் மாதத்தில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். நான்கு மணிக்கே இடம் தேடத் தொடங்குங்கள். இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில், தடத்துக்கு அருகிலேயே கூடாரம் போடலாம். குயின்ஸ்லாந்துப் பகுதியில் கியூ.ஏ.ஏ. லைனிலிருந்து 500 மீட்டருக்குள் தங்க வேண்டும். விறகு பொறுக்கக்கூடாது, கேஸ் அடுப்பு எடுங்கள். கழிப்பறை இல்லை: முழங்கை ஆழத்துக்குத் தோண்டி மூடுங்கள், காகிதத்தைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். குப்பையும் அப்படியே.

10. பேர்ட்ஸ்வில்லில்

கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். மூடும் நேரத்தைத் தவறவிட்டு பங்க் வாசலில் நிற்பவர்கள் உண்டு. சிக்னல் கிடைக்கும், டெல்ஸ்ட்ரா சிம் என்றால். ஊரில் உங்கள் பயணத் திட்டத் தாளை வைத்திருப்பவரை முதலில் அழையுங்கள், டயருக்குக் காற்றடியுங்கள், அடியில் சேர்ந்த புல்லைக் கழுவுங்கள்.

திரும்பும் வழி பேர்ட்ஸ்வில் டிராக், மாரீ வரை 517 கிலோமீட்டர் மண் ரோடு. பாலைவனத்தைக் கடந்துவிட்ட மிதப்பில் இதில் நூறில் பறந்து, கூர்கற்களில் டயர் கிழிந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். மழை பெய்தால் இதுவும் மூடும். அப்போது முன்பே ஒதுக்கி வைத்த அந்த இரண்டு நாளும் பேர்ட்ஸ்வில் கேரவன் பார்க்கில் கழியும். வாடகை வண்டிக்காரர்கள், ஒப்பந்தத் தேதியை நீட்டிக்க அங்கிருந்தே அழைத்துவிடுங்கள். தாமதக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும்.